நிலவு மாநாட்டில் பெயர் எடுக்க

நிலவு, வளிமண்டல ஆய்வுக் கருத்தரங்கில் பேச வாய்ப்பு வந்துவிட்டதா? வாழ்த்துகள். கையில் தரவு இல்லையே என்று தயங்க வேண்டாம். ஆகவேண்டியதைப் பாருங்கள்.

1. ஆய்வுச்சுருக்கத்தைக் கடைசித் தேதி இரவு பதினொன்றரைக்கு அனுப்புங்கள். முன்னாடியே அனுப்பினால், வேறு வேலை இல்லாத ஆள் என்று நினைத்துவிடுவார்கள். தலைப்பில் ‘முதற்கட்ட முடிவுகள்’ என்று ஒரு வார்த்தை போட்டுவையுங்கள். முடிவு பிறகு வரட்டும்.

2. பேசுவதற்கு 12 நிமிடம் தருவார்களா? ஒன்பதை வரலாற்றுக்கு ஒதுக்குங்கள். 1969இல் ஆம்ஸ்ட்ராங், 2008இல் சந்திரயான்-1, 2023 ஆகஸ்ட் 23 மாலை நிலவில் இறங்கிய விக்ரம் என்று நிதானமாக வாருங்கள். முன்வரிசையில் இருப்பவர்கள் அந்தக் கலங்களைக் கட்டியவர்களாகவே இருக்கலாம். இருக்கட்டுமே, அவர்களுக்கும் யாராவது சொல்ல வேண்டாமா?

3. இனிதான் ஆபத்தான கட்டம்: வரைபடம். விக்ரமில் போன சேஸ்ட் கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். நிலவின் மண்ணில் 10 செ.மீ. வரை இறங்கக்கூடிய ஒரு குச்சி, அதில் பத்து வெப்ப உணரிகள். அது குத்திய இடத்தில் மேற்பரப்பு 82 டிகிரி செல்சியஸ்; ஒரு மீட்டர் தள்ளி, சமதரையில் 59தான். குத்திய இடம் சூரியனைப் பார்த்து ஆறு டிகிரி சாய்ந்திருந்தது, அவ்வளவே காரணம். அப்படியானால் இன்னும் உயர்ந்த அட்சரேகைகளில், துருவத்தைப் பார்த்து 14 டிகிரிக்கு மேல் சாய்ந்த சரிவுகளில், மேற்பரப்புக்குச் சற்றுக் கீழேயே பனிக்கட்டி தங்கலாம். இதை இப்படியே சொன்னால் கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்துவிடும். ஆகவே கோட்டை வெள்ளைப் பின்னணியில் மஞ்சளாகப் போடுங்கள். எண்களை எள்ளளவுக்குக் குறையுங்கள். சாய்வைப் பற்றி மூச்சு விடாதீர்கள். “பின்வரிசைக்குத் தெரியாது, மன்னிக்கணும்” என்று சொல்லி அடுத்த ஸ்லைடுக்குத் தாவுங்கள்.

4. அமர்வுத் தலைவர் மணி அடிப்பார். “இதுதான் கடைசி ஸ்லைடு” என்று சொல்லிவிட்டுத் தொடருங்கள். இரண்டாவது மணிக்கும் அதே பதில்தான்.

5. அடுத்தவர் பேசி முடித்ததும் மைக்கைப் பிடியுங்கள். “கேள்வி இல்லை, ஒரு சின்ன கருத்து” என்று தொடங்கி உங்கள் கட்டுரையை முழுக்கச் சொல்லிவிடுங்கள். பேசியவர் வளிமண்டலக்காரராக இருந்தால், “நிலவில் காற்றே கிடையாதே, அங்கே உங்களுக்கு என்ன வேலை?” என்று கேட்டுச் சிரியுங்கள். சந்திரயான்-2இல் இருக்கும் சேஸ்-2 கருவி நிலவைச் சுற்றியுள்ள மெல்லிய வாயு உறையில் ஆர்கான்-40ஐ அளந்ததைப் பற்றித்தான் அவர் அதுவரை பேசிக்கொண்டிருந்தார். நீங்கள் அப்போது போனில் மெயில் பார்த்துக்கொண்டிருந்தீர்கள், பரவாயில்லை.

6. போஸ்டர் அமர்வுக்கு டீயும் வடையுமாகப் போங்கள். முகத்தைப் பார்க்குமுன் பேட்ஜைப் பாருங்கள். ‘மாணவி’ என்றிருந்தால் நகர்ந்துவிடலாம். போஸ்டரில் ‘நாமக்கல்’ என்ற ஊர்ப்பெயர் கண்ணில் பட்டால் மட்டும் நில்லுங்கள். நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டிப் பாறை நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்தது. அதைப் பொடித்துச் செய்த மண்ணில்தான் இஸ்ரோ தரையிறங்கு கலத்தையும் உலாவியையும் சோதித்தது. அந்தப் பெண் இதைச் சொல்ல வாயெடுக்கும்போது நீங்கள் முந்திக்கொள்ளுங்கள்:

“நாமக்கல்லாம்மா? முட்டை இப்போ என்ன விலை போகுது?”

“தெரியல சார். நான் தூத்துக்குடி.”

“அப்படியா! மக்ரூன் எந்தக் கடையில நல்லாயிருக்கும்?”