மாமாவைக் கேளுங்கள்: விசில் ஊதுகிறவர் யாரோ?

கே: சம்மர் கேம்ப் நடத்துகிறேன். நீச்சல் மாஸ்டருக்குமா போலீஸ் வெரிஃபிகேஷன்? (திருநெல்வேலி)

ப: குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 2020 விதிகள் விளையாட்டு அகாடமியைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கின்றன. நிரந்தரமோ, கான்ட்ராக்டோ, குழந்தைகளோடு பழகுகிற எல்லா ஊழியருக்கும் உண்டு. அதுவும் ஒரே ஒருமுறை எடுத்து ஃபிரேம் போட்டு மாட்ட அல்ல. அவ்வப்போது எடுக்க வேண்டும்.

கே: நம் பெற்றோர் இதையெல்லாம் கேட்கிறார்களா? (கரூர்)

ப: பெண் கொடுக்க மூன்று தலைமுறையை விசாரிப்பார்கள். ஷட்டில் கோச்சிடம் ஃபீஸை மட்டும்.

கே: காசு வாங்காமல் செஸ் சொல்லித் தருகிறேன். என்னிடமே சான்று கேட்கிறார்கள். 68 வயதில் இந்த அவமானம் தேவையா? (கும்பகோணம்)

ப: பெரியவரே, பஸ்ஸில் எல்லாரிடமும்தான் டிக்கெட் கேட்கிறார்கள், திருடன் என்றா அர்த்தம்? இங்கிலாந்தில் தன்னார்வலருக்கு டிபிஎஸ் என்கிற குற்றப் பின்னணிச் சோதனைக்கு அரசுக் கட்டணமே கிடையாது. இனாமாக உழைக்க வருகிறவரை இனாமாகவே சோதிக்கிறார்கள்!

கே: சோதனையே கோட்டை விட்டதுண்டா? (மதுரை)

ப: உண்டு. இங்கிலாந்தின் சோஹம் ஊர், 2002. பத்து வயதுச் சிறுமிகள் இருவரைக் கொன்ற இயன் ஹன்ட்லி ஒரு பள்ளியின் பராமரிப்பாளன். வேறு வட்டாரப் போலீசில் அவன்மேல் அடுத்தடுத்துப் புகார்கள், தண்டனைதான் இல்லை. வேலைக்கு வந்தபோது ‘நிக்சன்’ என்ற பெயர். சோதனையும் அந்தப் பெயரில் மட்டும். 2004 பிச்சார்ட் விசாரணை அறிக்கை போலீசை உரித்து எடுத்தது. வலை சரிதான்; வீசிய குளம் வேறு.

கே: சான்று சுத்தம் என்றால் நிம்மதியாகத் தூங்கலாமா? (சேலம்)

ப: ஒரு கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்குங்கள். அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் டீம் டாக்டர் லாரி நாசரின் பாலியல் அத்துமீறலைப் பற்றி 1997லேயே சிறுமிகள் பயிற்சியாளரிடம் முறையிட்டார்கள். மிச்சிகன் நீதிமன்றம் 40 முதல் 175 ஆண்டு விதித்தது 2018ல். நடுவில் ஏறக்குறைய இருபது வருடம், போலீஸ் வரை புகார் போயும் அவர்மேல் ஒரு தண்டனையும் இல்லை. சான்று பிடிபட்டவனைத்தான் காட்டும். பிடிபடாதவனுக்கு மருந்து வேறு: அடைத்த கதவுக்குள் தனி கோச்சிங் கூடாது, மாஸ்டர் பைக்கில் லிஃப்ட் கூடாது, முக்கியமாக, பிள்ளை சொன்னால் அம்மா நம்ப வேண்டும்.

கே: பாலியல் குற்றவாளிகளின் தேசியப் பட்டியல் இருக்கிறதாமே, போனில் பார்க்கலாமா? (ஈரோடு)

ப: 2018 செப்டம்பரில் வந்தது. தாராளமாகப் பார்க்கலாம், நீங்கள் போலீசாக இருந்தால்.

கே: மாஸ்டர்மேல் புகார். “கிளப் பேர் கெட்டுடும், நமக்குள்ளே பேசி முடிச்சிடலாம்” என்கிறார் செயலாளர். (கோவை)

ப: போக்சோ 19வது பிரிவுப்படி விஷயம் தெரிந்தவர் போலீசுக்குச் சொல்லியே ஆகவேண்டும். தனக்குக் கீழே வேலை பார்ப்பவர் செய்ததைப் பொறுப்பாளர் மறைத்தால் 21வது பிரிவில் ஓராண்டு வரை சிறை, கூடவே அபராதம். பேசி முடிக்கலாம்; செயலாளரும் சேர்ந்து முடிந்துபோவார்.

கே: போலீஸ் ஸ்டேஷன் படியேற பயமாக இருக்கிறதே? (விழுப்புரம்)

ப: முதலில் 1098ஐ அழையுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண். ராத்திரியிலும் எடுப்பார்கள், காசு கிடையாது. உங்கள் பிள்ளைக்கும் மனப்பாடம் ஆகட்டும்.