ஒரு பைனாகுலரும் ஏழு உறவினரும்: வேடந்தாங்கல் கரையில் ஒரு கள ஆய்வு

வேடந்தாங்கல் பறவைகளைப் பற்றி ஆய்வுகள் உண்டு. ஏரியைப் பற்றியும் அதன் மரங்களைப் பற்றியும் உண்டு. ஆனால், பறவை பார்க்க வரும் குடும்பத்தின் ஒரே பைனாகுலர் யார் கையிலிருந்து யார் கைக்கு, எந்த வரிசையில், எவ்வளவு மனத்தாங்கலோடு போகிறது என்பதை எவரும் ஆராய்ந்ததாகத் தெரியவில்லை. அறிவுலகின் இப்பெருங்குறையை நீக்க இக்கட்டுரை முயல்கிறது. இதற்கு எந்த நிறுவனமும் நிதி தரவில்லை. நுழைவுச்சீட்டு சொந்தச் செலவு.

ஆய்வுக்களம் செங்கல்பட்டு மாவட்டம், மதுராந்தகம் வட்டத்தில் உள்ளது. ஏரியின் பரப்பு சுமார் 30 ஹெக்டேர். 2022இல் இது ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. கரைமேல் நடைபாதையும் பார்வைக் கோபுரமும் உண்டு. ஆய்வுக்குரிய காலம் ஜனவரி மாதத்து ஞாயிறு. புள்ளிவிவரம் ஏன் இல்லை என்று நெறியாளர் எவரேனும் கேட்கக்கூடும். எண்ணிக்கொண்டு நின்றால் புளியோதரை தீர்ந்துவிடும்.

இனி, ஆய்வுப் பொருள். இக்கட்டுரை எடுத்துக்கொண்ட குடும்பத்தில் அப்பா, அம்மா, பாட்டி, சித்தப்பா, துபாயிலிருந்து விடுப்பில் வந்த மாமா, அக்கா, தம்பி ஆகிய எழுவர் உளர். பைனாகுலர் மாமாவினுடையது. எனவே முதல் உரிமையும் அவருக்கே. பயன்படுத்தத் தெரிந்தவரே முதலில் பார்க்க வேண்டும் என்பார் உளர். அது பொருந்தாது. மாமாவுக்குப் பயன்படுத்தத் தெரியாது என்பது கரைக்கு வந்தவுடனேயே தெரிந்துவிடுகிறது. நடுச்சக்கரத்தை இப்படி உருட்டுகிறார், அப்படி உருட்டுகிறார், "கொஞ்சம் இரு, கொஞ்சம் இரு" என்கிறார். அவர் பார்க்க முயன்ற சங்குவளை நாரை அதற்குள் இரண்டு முறை போய்க் குச்சி எடுத்துவந்து கூட்டில் செருகிவிட்டது.

அடுத்த கட்டமாகிய கைமாற்றம் இங்கே விரிவாக நோக்கத்தக்கது. பைனாகுலரின் வார் மாமாவின் கழுத்தில் கிடக்கிறது. அதை அவர் கழற்றுவதில்லை, கழற்றினால் திரும்பி வராது என்ற ஐயம். ஆகவே அடுத்து வாங்குபவர் கருவியைத் தம் கண்ணுக்கு இழுக்கும்போது மாமாவின் தலையும் கூடவே வருகிறது. அப்பா பார்த்துக்கொண்டிருந்த நேரம் முழுவதும் மாமாவின் காது அப்பாவின் கன்னத்தோடு ஒட்டியிருந்தது. இருவரும் சென்ற மாதம்தான் ஒரு மனை விற்பனையை ஒட்டிப் பேச்சுவார்த்தையை நிறுத்தியவர்கள். ஒரு வாய்தாவும் இல்லாமல் இவ்வளவு நெருக்கத்தை வேறெந்தக் கருவியும் ஏற்படுத்தியதில்லை என்பது ஆய்வாளர் துணிபு.

தம்பிக்குக் கருவி முன்பின் மாறிக் கிடைத்தது. ஏரியே எங்கோ தொலைவில் கடுகளவாகத் தெரிந்தது. அன்றைக்கு முழு மனநிறைவு பெற்றவன் அவன் ஒருவனே. அக்கா வாங்கவே இல்லை. செல்போனில் இருபது மடங்கு பெரிதாக்கி, புள்ளி புள்ளியாகச் சிதறிய ஏதோ ஒன்றைப் படம் பிடித்து "பெலிக்கன்" என்று அனுப்பிவிட்டாள். அது கூழைக்கடாவா, மரத்தில் சிக்கிய பிளாஸ்டிக் பையா என்று இன்றுவரை முடிவாகவில்லை.

சித்தப்பாவுக்குப் பைனாகுலர் தேவைப்படவில்லை, ஏனெனில் அவருக்கு எல்லாம் முன்பே தெரியும். "இதெல்லாம் ஆஸ்திரேலியாவுலேருந்து வருது. முட்டை போட்டு, குஞ்சு பொரிச்சு, மார்ச்ல கூட்டிட்டுப் போயிடும்" என்றார். கரையில் நின்ற வேறு மூன்று குடும்பத்தின் சித்தப்பாக்களும் இதையே சொன்னதால் இதை ஒரு மரபுக் கொள்கையாகவே கொள்ளலாம். எனினும் மறுக்க வேண்டியுள்ளது. இங்கே கூடு கட்டும் நத்தைகுத்தி நாரை, சங்குவளை நாரை, கூழைக்கடா, நீர்க்காகம், அரிவாள் மூக்கன் எல்லாம் நம் நாட்டுப் பறவைகளே. தண்ணீரும் மீனும் இருக்கும் பக்கம் ஏரிக்கு ஏரி இடம் மாறுபவை. வடக்கே குளிர்நாடுகளிலிருந்து உண்மையிலேயே கடல் மலை கடந்து வரும் ஊசிவால் வாத்து போன்றவை இங்கே கூடு கட்டுவதில்லை. குளிர்காலத்தில் வந்து நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, வெயில் ஏறியதும் கிளம்பிவிடும். அதாவது வெளிநாட்டிலிருந்து வருவது குடித்தனம் வைப்பதில்லை. குடித்தனம் வைப்பது வெளிநாட்டிலிருந்து வந்ததில்லை. இவ்விதி துபாய் மாமாவுக்கும் பொருந்துவதைப் பாட்டி அங்கேயே சுட்டிக்காட்டினார்.

பாட்டியே இவ்வாய்வின் தலையாய தகவலாளி. ஏழாவதாக அவர் முறை வந்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றாமல் பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை. கழற்றிவிட்டுப் பார்த்தார், கறுப்பாகத் தெரிந்தது. "நீயே வெச்சுக்கோப்பா" என்று தள்ளிவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு தண்ணீரைப் பார்த்தவர் சொன்னார்: "பாம்பு போவுது பாரு." எல்லோரும் சிரித்தார்கள். பாம்பு சட்டென்று தண்ணீருக்குள் போய், மீனோடு மேலே வந்து, மீனை அண்ணாந்து தூக்கிப் போட்டுத் தலைப்பக்கமாக விழுங்கியது. பிறகு நீரில் மறைந்திருந்த உடம்போடு எழுந்து ஒரு கிளையில் உட்கார்ந்து இறக்கையை விரித்துக் காயவைத்தது. அது பாம்புத்தாரா. பாட்டி பெயரைத் தவறாகச் சொன்னார் என்பது உண்மைதான். ஆனால் குடும்பத்தில் ஒரு பறவையை முழுதாகப் பார்த்தவர் அவர் மட்டுமே. மற்ற அறுவரும் பைனாகுலரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த இடத்தில் ஆய்வு கொஞ்சம் கரையைவிட்டு இறங்கி ஊருக்குள் போக வேண்டும். இந்த ஏரியை முதலில் காத்தது வனத்துறையன்று, ஊர்தான். பறவைகளைச் சுடக் கூடாது என்று ஊரார் அக்காலத்திலேயே வற்புறுத்தி, 1798இல் செங்கல்பட்டு கலெக்டரிடம் அதற்குக் கவுல், அதாவது எழுத்துமூல உறுதி, வாங்கினார்கள். 1858இல் அது புதுப்பிக்கப்பட்டது. சரணாலயம், சுற்றுச்சூழல், பல்லுயிர் போன்ற சொற்கள் ஒன்றும் அப்போது புழக்கத்தில் இல்லை. அழகுணர்ச்சியே காரணம் என்று சிலர் உருகி எழுதுவர். அதனினும் உறுதியான காரணம் ஒன்று உண்டு, அது எச்சம். ஏரிக்குள் நிற்கும் நீர்க்கடம்ப மரங்களில் ஆயிரக்கணக்கில் பறவைகள் கூடு கட்டுகின்றன. எச்சம் தண்ணீரில் விழுகிறது. தண்ணீர் மதகு வழியாக வயலுக்குப் போகிறது. எரு தனியாக வாங்க வேண்டாம். பறவைக்கு லாபம் வேறு வகை: மரத்தைச் சுற்றித் தண்ணீர் நிற்பதால் பூனையும் கீரியும் கூட்டை நெருங்காது. இரு தரப்பும் கணக்குப் பார்த்துச் செய்துகொண்ட ஏற்பாடு இது. அதனால்தான் இருநூறு ஆண்டுக்கு மேல் நிற்கிறது. தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர் என்று இதைச் செய்தித்தாள்கள் ஆண்டுதோறும் புகழும். அன்பை மட்டும் நம்பியிருந்தால் மூன்றாம் தலைமுறையே வெடித்திருக்கும் என்பது இக்கட்டுரையாசிரியரின் கருத்து.

உணவுப் பொட்டலம் பற்றி ஒரு சிறு குறிப்பு போதும். பைனாகுலர் ஒரு சுற்று முடியும் முன்பே அது அவிழ்க்கப்படும். விதிவிலக்கு காணப்படவில்லை.

முடிவாக, நேரம் பற்றிய கண்டுபிடிப்பு. குடும்பங்கள் பெரும்பாலும் காலை உணவை நெடுஞ்சாலை ஓட்டலில் முடித்து, பதினொன்று பன்னிரண்டு மணிக்குக் கரைக்கு வருகின்றன. அந்நேரம் பறவைகளில் பாதி இரை தேடப் போயிருக்கும், மீதி வெயிலில் அசையாமல் நிற்கும். "என்ன இது, சும்மா நிக்குது" என்று அலுத்துக்கொள்கிறார்கள். நாலு மணிக்கு, செங்கல்பட்டுப் பக்கம் நெரிசலாகிவிடும் என்று வண்டியை எடுக்கிறார்கள். சுற்றுவட்டார ஏரிகளிலும் வயல்களிலும் மேய்ந்த பறவைகள் கூட்டம் கூட்டமாகத் திரும்பத் தொடங்குவது அதற்குப் பிறகுதான். வானம் நிறைய நாரையும் நீர்க்காகமும் வந்து இறங்கும் அந்தக் காட்சியைக் காரின் பின்கண்ணாடி மட்டும் பார்க்கிறது.

ஆகவே வாசகர்களுக்குச் சில பரிந்துரைகள். போகும் முன் ஏரியில் தண்ணீர் நிற்கிறதா என்று விசாரியுங்கள். மழை பொய்த்த ஆண்டில் பறவை வராது. டிசம்பர் கடைசியோ ஜனவரியோ நல்ல காலம். விடிந்ததும் போங்கள், இல்லையேல் மூன்று மணிக்கு மேல் போய் அடைக்கும் நேரம் வரை இருங்கள். பைனாகுலரின் வாரைக் கழுத்திலிருந்து கழற்றிக் கொடுங்கள். பொட்டலம் சுற்றிய தாளையும் கவரையும் வீட்டுக்கே எடுத்துவாருங்கள். ஹாரனை, நெடுஞ்சாலையிலிருந்து வேடந்தாங்கலுக்குத் திரும்பும் படாளம் கூட்ரோட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.