காவிரி வந்தது, தண்ணீர் வரவில்லை

கேள்வி: ‘இண்டிபெண்டன்ஸ் டே: ரீசர்ஜன்ஸ்’ படத்தில், வேற்றுக்கிரகக் கப்பலைப் பிரித்துப் பார்த்தே விண்வெளிப் போர் விமானம் கட்டிவிடுகிறார்களே, நடக்குமா?
(வாசகர், திருவாரூர்)

பதில்: படத்திலேயே அதற்கு 20 ஆண்டுகள் ஆகின்றன. நிஜத்தில் பூமிக்காரன் செய்ததைப் பார்த்துச் செய்யவே மூச்சு வாங்குகிறது. 1944-ல் ஜப்பானிய இலக்குகளைத் தாக்கப் போன அமெரிக்க பி-29 குண்டுவீச்சு விமானங்கள் மூன்று, சோவியத் மண்ணில் முழுசாக இறங்கின. ஸ்டாலின் விடுவாரா? அச்சு அசலாக அதையே செய்யச் சொன்னார். விமான வடிவமைப்பாளர் துப்பொலேவின் குழு அதில் ஒன்றை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றியது.

முதல் தலைவலி, தகடு. அமெரிக்கத் தகடு அங்குலத்தில் 16-ல் ஒரு பங்கு தடிமன். சோவியத் ஆலைகளுக்கோ மில்லிமீட்டர்தான் தெரியும். தடிமனாகப் போட்டால் எடை ஏறும், மெலிதாகப் போட்டால் வலு குறையும். இடத்துக்கு இடம் கணக்குப் போட்டு மாற்றி, 1947-ல்தான் அந்த நகல், து-4, பறந்தது. தகட்டுக்கே இந்தப் பாடு.

கேள்வி: நம்மைப் பார்த்து யாராவது காப்பியடித்திருக்கிறார்களா?
(வாசகர், மன்னார்குடி)

பதில்: வெள்ளைக்காரனே அடித்திருக்கிறான். 1780 செப்டம்பர் 10, காஞ்சிபுரம் பக்கத்துப் புள்ளலூர். கர்னல் பெய்லியின் கிழக்கிந்திய கம்பெனிப் படையை ஹைதர் அலியும் திப்புவும் சுற்றி வளைத்தார்கள். கம்பெனியின் வெடிமருந்து வண்டிகள் தீப்பிடித்து வெடித்தன. மைசூர் ராக்கெட் பட்டுத்தான் என்பார்கள். ஐரோப்பாவில் ராக்கெட்டுக்கு அட்டைக் கூடு. மைசூரில் இரும்புக் குழாய். இரும்பு தாங்கும் அழுத்தம் அதிகம், பாய்ச்சலும் அதிகம்.

1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்ததும் ராக்கெட்டுகள் லண்டன் பக்கத்து வுல்விச் ஆயுதச் சாலைக்குக் கப்பலேறின. அவற்றைப் பார்த்து வில்லியம் காங்கிரீவ் தன் ராக்கெட்டைச் செய்தார். 1807-ல் பிரிட்டன் அதையும் வீச, கோபன்ஹேகன் எரிந்தது. முதல் கேள்வியின் படக் கதைப்படி பார்த்தால், இங்கே வேற்றுக்கிரகவாசி வேஷம் நமக்குத்தான். நாசாவின் வாலப்ஸ் தளத்தில் மைசூர் ராக்கெட் போர் ஓவியத்தைப் பார்த்ததை அப்துல் கலாம் ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் எழுதியிருக்கிறார்.

கேள்வி: தஞ்சாவூர் தளத்து சுகோய் தலைக்கு மேலே உறுமுகிறது. அதன் இன்ஜினைக் கழற்றிப் பார்த்து நாமே ஒன்று செய்யக்கூடாதா?
(வாசகர், நீடாமங்கலம்)

பதில்: கழற்றுவது என்ன, ஒடிசாவின் கோராபுட்டில் உரிமம் வாங்கித் தயாரிக்கவே செய்கிறார்கள். சிக்கல் வேறு இடத்தில். ஜெட் இன்ஜினுக்குள் வீசும் காற்றின் சூடு, அங்கே சுழலும் உலோக இதழையே உருக்கிவிடும். அதனால் நவீன இன்ஜின்களில் இதழ் முழுவதையும் ஒரே படிகமாக வார்த்து, உள்ளே நுண்துளை விட்டுக் குளிர்விக்கிறார்கள். அறுத்துப் பார்த்தால் கலவை தெரியும். உலையில் எவ்வளவு மெதுவாக இறக்கினார்கள் என்பது தெரியாது. மாமியார் ரசத்தில் மிளகு எவ்வளவு என்று நாக்கு சொல்லும், எப்போது இறக்கினார் என்று சொல்லாது.

தேஜஸ் விமானத்துக்காக நாமே வடிவமைக்கத் தொடங்கிய இன்ஜினின் பெயர் காவிரி. 1989-ல் அனுமதி. உந்துவிசை எட்டவில்லை, எடை கூடியது. 2008-ல் தேஜஸிலிருந்து கழற்றிவிட்டார்கள். சூலூரில் நிற்கும் தேஜஸ் இன்றும் அமெரிக்க இன்ஜினில்தான் பறக்கிறது. மேட்டூர் திறந்தும் கடைமடைக்குத் தண்ணீர் வராத கதையை நீடாமங்கலத்துக்கு விளக்க வேண்டுமா?

கேள்வி: ஒரு பறக்கும் தட்டு திருவாரூர் கமலாலயக் குளத்தில் வந்து விழுந்தால்?
(வாசகர், கொரடாச்சேரி)

பதில்: கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, இடத்துக்குப் பஞ்சமில்லை. உள்ளே இருக்கும் இன்ஜின் நமக்குப் புரியாவிட்டாலும் பிரேக் போட்டுவிடலாம். திருவாரூர் ஆழித்தேருக்கே ஹைட்ராலிக் பிரேக் மாட்டிய திருச்சி பெல் ஆலை பக்கத்தில்தான் இருக்கிறது.