மனையலங்காரப் போட்டியும் முன்னிலைப் புறமொழியும்: தில்லித் தமிழ் இல்லங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

மனையலங்காரப் போட்டி என்று இக்கட்டுரையில் குறிக்கப்படுவது, முன்பின் அறியாத ஒருவரின் அறையை வேறொருவர் குறித்த நாளுக்குள் குறித்த தொகையில் அழகுபடுத்த, அதை நடுவர் சிலர் சுற்றிப் பார்த்து உதட்டைப் பிதுக்கவோ கண் கலங்கவோ செய்யும் தொலைக்காட்சி நிகழ்ச்சியாகும். அதை இரவுச் சாப்பாட்டுக்குப் பின் குடும்பத்தார் அனைவரும் ஒரே திவானில் நெருக்கியடித்து அமர்ந்து பார்ப்பது கண்டுகளித்தல் எனப்படும். திவானாவது, தில்லி இல்லங்களில் பகலில் இருக்கையாகவும் இரவில் கட்டிலாகவும், அடிப்பெட்டியில் ரஜாய் என்னும் பஞ்சுப் போர்வைகளின் கிடங்காகவும் விளங்குவது. கண்டுகளித்தல் என்ற சொல்லில் காணுதல் எல்லார்க்கும் பொது. களித்தல் யாருக்கு, எந்த இடத்தில் நிகழ்கிறது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

இந்நிகழ்ச்சிகளின் கொடிவழியை நெடுந்தொலைவு தேட வேண்டியதில்லை. 1996இல் பிபிசி தொடங்கிய 'சேஞ்சிங் ரூம்ஸ்' நிகழ்ச்சியில், அண்டை வீட்டார் சாவியை மாற்றிக்கொண்டு, இரண்டு நாளில் 500 பவுண்டு செலவில் ஒருவர் அறையை மற்றவர் மாற்றியமைத்தனர். 2000இல் அமெரிக்காவின் டிஎல்சி அலைவரிசை இதையே 'டிரேடிங் ஸ்பேசஸ்' எனப் பெயரிட்டு, தொகையை 1,000 டாலராக உயர்த்தி, ஒரு கலைஞர் அறைச் சுவரில் வைக்கோலை ஒட்டிவிட்டுப் போகும் அளவுக்கு இக்கலையை வளர்த்தது. இவற்றில் வெற்றி தோல்வி இல்லாமையால் முழுப் போட்டி என்று சொல்ல இயலாது. 2003இல் ஆஸ்திரேலியாவின் 'தி பிளாக்', நான்கு இணையரிடம் நான்கு அடுக்கக வீடுகளைக் கொடுத்துப் புதுப்பிக்கச் செய்து அவற்றை ஏலத்தில் விட்டபோது அக்குறை நீங்கியது. 2019இல் வந்த பிபிசியின் 'இன்டீரியர் டிசைன் மாஸ்டர்ஸ்' பத்துப் பேரில் தொடங்கி, ஒவ்வொருவராக வெளியேற்றி, இறுதியில் ஒருவரை முடிசூட்டுகிறது.

இந்தியத் தொலைக்காட்சி பிறந்த ஊர் தில்லி என்பதும், அது பிறந்த நாள் 1959 செப்டம்பர் 15 என்பதும் யாவரும் அறிந்தவை. 1967 ஜனவரி 26 முதல் அங்கிருந்து ஒளிபரப்பான 'கிருஷி தர்ஷன்' சுற்றுவட்டாரத்து உழவர்களுக்கு உரமும் விதையும் பற்றி எடுத்துரைத்தது. எருவுக்கு அறிவுரை சொன்ன அதே பெட்டி மெத்தைத் திண்டுக்கு அறிவுரை சொல்ல 37 ஆண்டுகள் பிடித்தன. 2004இல் 'டிஸ்கவரி டிராவல் அண்ட் லிவிங்' அலைவரிசை இந்தியாவில் கால் வைத்து, 2010இல் டிஎல்சி எனப் பெயர் மாறியது. நல்லவேளையாக இதற்கெல்லாம் முன்பே, 1982இல், வண்ண ஒளிபரப்பு வந்துவிட்டது. இல்லையேல் சுவரின் நிறம் குறித்த குடும்ப வழக்குகள் யாவும் சாம்பல் நிறத்திலேயே தீர்ந்திருக்கும்.

ஆய்வுக்களமாக ராமகிருஷ்ணபுரம் போன்ற பகுதிகளின் அரசுக் குடியிருப்பு ஒன்றின் முன்னறையைக் கொள்ளலாம். அரசு ஊழியருக்கு ஒதுக்கப்பட்ட வீட்டில் சுவரை இடிக்கவோ நகர்த்தவோ அவருக்கு உரிமையில்லை; வெள்ளையடிப்பும் மத்தியப் பொதுப்பணித் துறையின் பொறுப்பு. ஆகவே போட்டியாளர் திரையில் சுத்தியலை ஓங்கி நடுச்சுவரைத் தகர்க்கும் கணத்தில், குழாய்க் கசிவுக்காக அத்துறைக்கு விண்ணப்பம் கொடுத்துக் காத்திருக்கும் குடும்பத்தலைவரின் முகத்தில் தோன்றும் மெய்ப்பாடு, பொறாமைக்கும் பயத்துக்கும் இடைப்பட்டதாக இருக்கிறது. அறையின் ஒரே நல்ல சன்னலைக் கோடையில் கூலர் அடைத்துக்கொள்ளும். ஒரு மூலையில் இன்வெர்ட்டரும் அதன் மின்கலமும் வீற்றிருக்கும். இன்னொரு மூலையில் 'சீலன்', அதாவது சுவரின் உள்ளிருந்து ஊறிவரும் ஈரக் கறை, ஆண்டுதோறும் புதிய நாட்டின் வரைபடம்போலப் பரவும். மூன்றாம் மூலையில் கோத்ரெஜ் பீரோ நிற்கும். அந்நிறுவனம் 1923 முதல் எஃகு அலமாரி செய்துவருகிறது. கல்யாணச் சீராக வந்த பீரோவை அறைகலன் வகையில் சேர்க்கலாகாது. அது ஒரு சாட்சி. சாட்சியை இடம் மாற்றுவதற்கு எந்தப் போட்டியிலும் விதி இல்லை.

இனி ஆய்வின் மையப் பொருள். தமிழ் இலக்கண மரபில் முன்னிலைப் புறமொழி என்றொரு கூற்று உண்டு. எதிரே இருப்பவரைக் கருதி, ஆனால் வேறு யாரையோ எதையோ சொல்வதுபோல அவர் காதுபடப் பேசுதல் அது. சங்கத் தலைவி நண்டையும் நாரையையும் விளித்துப் பேசியபோது, அவை மறுமொழி கூறாமையே அவற்றின் தகுதியாக இருந்தது. யமுனைக் கரையில் நண்டுக்கு எங்கே போவது? தொலைக்காட்சிப் பெட்டிக்கும் அதே தகுதி உள்ளமையால், மனையலங்காரப் போட்டி தில்லித் தமிழ்க் குடும்பத்துக்குக் கிடைத்த ஆகச் சிறந்த நாரையாகும் என்பது இவ்வாய்வின் துணிபு.

சான்று காட்டுவோம். லண்டன் சமையலறை ஒன்றில் கதவில்லாத திறந்த தட்டுகளில் பீங்கான் அடுக்கப்படுவதைக் காணும் மாமியார், "இவ்வளவு சாமானையும் வெளியில வெச்சா தூசி யார் துடைக்கிறது?" என்று திரையைக் கேட்கிறார். தில்லியின் தூசி உலகறிந்ததாகையால் இது பொதுவான வினாவாகவும் தோன்றலாம். ஆனால் சென்ற மாதம் கீர்த்தி நகர் மரச்சாமான் சந்தையிலிருந்து அதேபோன்றதொரு தட்டை வாங்கி வந்தவர் மருமகள் என்பதை அறிந்தோர்க்கு வினாவின் முகவரி விளங்கும். மருமகளும் சளைத்தவர் அல்லர். அடுத்த வாரம் போட்டியாளர் ஒருவர் பழைய மேசை நாற்காலிகளை வெளியேற்றும்போது, மகளிடம், "பாருடி, பழசையெல்லாம் எடுத்ததும் ரூம் எவ்வளவு பெரிசாயிடுச்சு" என்கிறார். சொல் மகளுக்கு, பொருள் மாமியாரின் மூன்று இரும்பு டிரங்குப் பெட்டிகளுக்கு. குடும்பத்தலைவர் கேட்பது ஒன்றே: "மொத்தம் எவ்வளவு ஆச்சாம்?" பவுண்டை ரூபாயாக்கி, ரூபாயைப் பகீரத் பேலஸ் விளக்குக் கடைகளின் விலையோடு ஒப்பிட்டு, எல்லாம் வீண் செலவு என்று அவர் தீர்ப்பளிப்பதற்குள் நிகழ்ச்சியில் விளம்பரம் வந்துவிடும்.

கல்லூரிக்குச் செல்லும் மகளின் பங்கு தனித்து ஆராயத்தக்கது. நடுவர்களின் ஆங்கிலம் வேகமாக ஓடுவதால் பாட்டிக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் பணி அவளுக்கு வாய்க்கிறது. மூலபாடத்தில் நடுவர் "விளக்கு நன்றாக இருக்கிறது" என்று மட்டுமே சொல்லியிருக்க, மகளின் உரையில் அது "வளர்ந்த பொண்ணுக்குத் தனி ரூம் வேணும்னு சொல்றாங்க, பாட்டி" என்று விரிகிறது. ஏடு பெயர்த்து எழுதியோர் செய்ததாகச் சொல்லப்படும் இடைச்செருகல் எவ்வாறு தோன்றியிருக்கும் என்பதை நேரில் காண விரும்பும் பதிப்பாசிரியர்களுக்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. சிறுவர்களின் கருத்து பெரும்பாலும் கிரிக்கெட்டுக்கு மாற்றச் சொல்வதாகவே இருப்பதால் இங்கு விடப்படுகிறது.

இவ்வளவு அம்பு பறந்தும் சண்டை மூள்வதில்லை. யாரேனும் முகம் சுளித்தால், "நான் டிவியைத்தானே சொன்னேன்" என்ற வாய்பாட்டில் எவரும் ஒதுங்கிக்கொள்ளலாம். நேருக்கு நேர் சொல்லியிருந்தால் மூன்று நாள் பேச்சுவார்த்தை நின்றிருக்கக்கூடிய செய்தி, போட்டியாளரின் முதுகில் ஏறி வலியின்றி வந்து சேர்கிறது. களித்தல் நிகழும் இடம் இதுவே.

திரைவிலக்கு என்பது, வீட்டுக்காரரைக் கண்ணை மூடி அழைத்து வந்து மாறிய அறையைத் திடீரெனக் காட்டும் இறுதிக் கட்டம். அவர் அழுதால் மகிழ்ச்சி என்றும், பேசாமல் நின்றால் பெருமகிழ்ச்சி என்றும் அறிவிப்பாளர் விளக்குவார். 'சேஞ்சிங் ரூம்ஸ்' நிகழ்ச்சியில் ஒருமுறை, ஒரு பெண்மணி அரிதாகச் சேர்த்த பழைய தேநீர்க் கெண்டிகளைத் தொங்குதட்டில் அடுக்கி வைக்க, பாரம் தாங்காமல் தட்டு விழுந்து கெண்டிகள் நொறுங்கின. இந்நிகழ்வைக் கேள்வியுற்ற எந்த மாமியாரும் திறந்த தட்டு பற்றிய தம் கொள்கையைப் பின்னர் மாற்றிக்கொள்ள மாட்டார் என்று உறுதியாகக் கூறலாம்.

தமிழிலேயே மிக விரிவாக வருணிக்கப்பட்ட அறைகளுள் ஒன்று பத்துப்பாட்டில் நக்கீரர் பாடிய நெடுநல்வாடையில் உள்ளது. நிழல் பார்த்துத் திசை குறித்து, கயிறு பிடித்து மனை வகுக்கிறார்கள். செம்பு போன்ற சுவரில் பல பூக்களோடு ஒற்றைக் கொடி வரையப்பட்டிருக்கிறது. யவனர் செய்த பாவை விளக்கு எரிகிறது. நாற்பது வயதான, போரில் இறந்த யானையின் தந்தத்தால் கட்டில் அமைந்திருக்கிறது. இன்றைய நடுவர் எவரும் நக்கீரரின் அறைக்கு முழு மதிப்பெண் தருவர். ஆனால் அறைக்குரிய அரசியோ, கணவன் பாசறையில் இருக்க, மேற்கட்டியில் தீட்டிய உரோகிணியும் திங்களும் பிரியாதிருப்பதைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறாள். தமிழ் கண்ட முதல் திரைவிலக்கு இதுவாகவே இருக்கலாம். வீட்டுக்காரர் அழுதது உண்மை, காரணம்தான் அலங்காரமன்று. வாடையாவது வடகாற்று, டிசம்பர் தில்லியில் ரஜாய்க்குள் முடங்கியபடி நிகழ்ச்சி பார்ப்போர்க்கு அச்சொல்லை விளக்க வேண்டியதில்லை.

இக்கலை மேலைநாட்டிலிருந்து வந்தது என்பதை மறுத்து, நவராத்திரிக் கொலுவே அதன் மூலவடிவம் என்று வாதிடுவோரும் உளர். ஒற்றைப்படை எண்ணில் படிகள், கருப்பொருள், ஒன்பது இரவு என்ற காலவரையறை, வீடுவீடாக வரும் நடுவர், அவர்க்குச் சுண்டல் என்னும் ஊதியம் என எல்லா உறுப்பும் அதில் அமைந்துள்ளன. தில்லியில் படி கட்டுவதற்கு மாமியாரின் டிரங்குப் பெட்டிகளே அடித்தளமாகின்றன என்பதும், அந்த ஒன்பது நாளும் மருமகள் அவற்றைப் பற்றி வாய் திறப்பதில்லை என்பதும் இவ்வாதத்துக்கு வலுச் சேர்ப்பன. சுண்டல் தீர்ந்தபின் நடுவரின் மெய்யான தீர்ப்பு மாடிப்படியில் இறங்கும்போதுதான் வழங்கப்படுகிறது என்ற ஒரு வேறுபாட்டைத் தவிர, இக்கொள்கையை மறுக்க வலுவான காரணம் தென்படவில்லை.

போட்டி நிறைவுற்றபின் இல்லத்தில் நிகழும் மாற்றங்களாக இதுவரை பதிவாகியுள்ளவை இரண்டே: திவான் விரிப்பு புதிதானது, நாட்காட்டி சீலனை மறைக்கும்படி அரையடி நகர்ந்தது. தலைநகரில் எங்கேனும் ஒரு தமிழ் இல்லத்தில், நிகழ்ச்சி முடிந்த மறுநாள் கோத்ரெஜ் பீரோ இடம் மாறியதை நேரில் கண்டோர் எவரேனும் இருப்பின், நாள், மூலை, தூக்கியோர் எண்ணிக்கை ஆகிய விவரங்களுடன் தெரிவிக்க வேண்டுகிறோம். அடுத்த பதிப்பில் உரிய திருத்தம் செய்யப்படும்.