ஸ்டோர்ஸ்காரர்

காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையில் ஸ்டோர் கீப்பராக இருந்து ரிடையர் ஆனவரைத் தெருவில் பார்த்ததுமே கண்டுபிடித்துவிடலாம். சட்டைப் பையில் நீலம் ஒன்று, சிவப்பு ஒன்று என இரண்டு பேனா இருக்கும். கத்தரிக்காய் வாங்கினாலும் விலையைக் கேட்கமாட்டார். "எப்ப வந்த சரக்கு?" என்பார்.

அப்படிப்பட்டவர் அறுபது தாண்டியதும் தன் கடைசிக் காலத்துக்கே ஸ்டாக் எடுக்க ஆரம்பித்துவிடுகிறார். "நம்மால பசங்களுக்கு ஒரு தொந்தரவும் வரக்கூடாது சார்." ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்தவர் யாரானாலும், திருவள்ளூர் ஸ்டேஷன் வருவதற்குள் இதைக் கேட்காமல் இறங்க முடியாது.

அவர் பயத்திலும் நியாயம் உண்டு. பி.எஃப். பென்ஷன் என்பது 15,000 ரூபாய் உச்சவரம்புச் சம்பளத்தை சர்வீஸ் வருஷங்களால் பெருக்கி 70ஆல் வகுத்தால் வருவது. கையில் எவ்வளவு வாங்கியிருந்தாலும் கணக்கு அந்த வரம்போடு நின்றுவிடும். தபால் ஆபீஸ் மூத்த குடிமக்கள் திட்டத்தில் 30 லட்சம் வரை போடலாம் என்கிறார்கள். இவரிடம் இருப்பது அதில் கால்வாசி. வைத்தியத்துக்கு இ.எஸ்.ஐ.யில் வருஷம் 120 ரூபாய் கட்டிவிட்டார். ஓய்வு பெற்றவருக்கும் மனைவிக்கும் சேர்த்தே அந்தத் தொகைதான். அது போதாதென்று அமாவாசைக்கு அமாவாசை வைத்திய வீரராகவர் கோயில் குளத்தில் வெல்லம் கரைக்கிறார். அதுவும் ஒரு பிரீமியம்தான்.

உயில் எழுதியதுதான் பெரிய கதை. சாட்சி இரண்டு பேர் வேண்டும். நாளைக்கு வழக்கு என்று வந்தால் அவர்களில் ஒருவராவது கோர்ட்டில் வந்து சொல்ல வேண்டும் என்று வக்கீல் சொல்லிவிட்டார். அன்று முதல் சாட்சிகளின் உடல்நலம் இவர் பொறுப்பு. சாட்சி நம்பர் ஒன் பஜ்ஜியில் கை வைத்தால் இவர் தட்டை நகர்த்துகிறார். "சுகர் எவ்ளோப்பா இப்ப? நீ எனக்கு முன்னாடி போயிடக்கூடாது, சொல்லிட்டேன்."

சாமியானா கடையிலும் ரேட் பேசியாயிற்று. பந்தல், ஐம்பது நாற்காலி, ஃப்ரீசர் பாக்ஸ். ஆர்டர் புத்தகத்தைத் திறந்த கடைக்காரர் பழக்கதோஷத்தில், "ஃபங்ஷன் என்னிக்கு சார்?" என்று கேட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். இவர் கொஞ்சமும் அசரவில்லை. "அது ஒண்ணுதான் இன்னும் கன்ஃபர்ம் ஆகல. ரேட்டை மட்டும் லாக் பண்ணிக்க."

எல்லாம் ஒரு பச்சை ஃபைலில் இருக்கிறது. பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, நாமினி விவரம், கேஸ் புக். முதல் பக்கத்தில் அட்டவணை, சிவப்பு மையில். ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூர் மகனுக்கு போன் போட்டு, "ஃபைல் எங்க இருக்கு, சொல்லு?" என்பார்.

"பீரோ. நடுத்தட்டு. பச்சை."

"பீரோ சாவி?"

"அரிசி டின்னுக்குப் பின்னாடிப்பா."

"போன மாசமே மாத்திட்டேனே! சொன்னதைக் கவனிக்கிறதே இல்ல."

உள்ளேயிருந்து மனைவியின் குரல் வரும். "நீங்க போனா புள்ளைங்க பதினாறு நாள் கஷ்டப்படுங்க. அதுக்காக இப்பவே வாராவாரம் பரீட்சை வைக்கணுமா?"

அந்த அம்மாள் எந்தத் திட்டமும் போட்டு வைக்கவில்லை. கேட்டால், "அதான் நீங்க போட்டிருக்கீங்களே" என்று வெங்காயம் உரிக்கப் போய்விடுவார்.

போன வாரம் பெங்களூரிலிருந்து மகள் பேசினாள். "பாப்பாவை ஸ்கூல்ல சேத்தாச்சுப்பா. மத்தியானம் கூட்டிட்டு வர ஆளில்ல. நீங்களும் அம்மாவும் ஒரு வருஷம் இங்க வந்து இருங்களேன். எனக்கு வேற வழி தெரியல."

ஸ்டோர்ஸ்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பச்சை ஃபைலை முன்னும் பின்னும் புரட்டினார். பிள்ளைகளுக்குப் பாரமாகாமல் இருக்க எல்லா ஏற்பாடும் இருந்தது. பிள்ளைகள் கூப்பிட்டால் என்ன செய்வது என்று மட்டும் ஒரு தாளும் இல்லை.

"இதுக்கெல்லாம் மூணு மாசம் முன்னாடியே இண்டென்ட் போடணும்மா" என்றார்.

அதற்குள் மனைவி பரணுக்குக் கீழே ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, பெரிய சூட்கேஸை இறக்கித் தரச்சொல்லி பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.