ஆட்டுச் சராசரி

எங்கள் பள்ளியில் படித்து இப்போது அமெரிக்காவில் இருக்கும் ஒருவர், ஒன்பதாம் வகுப்புக்கென்று ஒரு பெட்டி நிறைய ஸ்டெப் கவுண்டர் அனுப்பிவைத்தார். பிள்ளைகள் தினமும் எத்தனை அடி நடக்கிறார்கள் என்று குறிக்க வேண்டும், இலக்கு வைத்து நடக்க வேண்டும், அறிக்கை அனுப்ப வேண்டும். பி.டி. மாஸ்டர் கோ-கோ அணியோடு வெளியூர் போயிருந்தார். "எண்ணிக்கைதானே, கணக்கு வாத்தியார் பார்த்துக்கட்டும்" என்று தலைமையாசிரியர் பெட்டியை என் மேஜையில் வைத்துவிட்டார். வருஷக்கணக்காக பி.டி. பீரியடைக் கடன் வாங்கி அல்ஜீப்ரா நடத்தியவனிடம் வட்டியோடு வசூலிக்கிறார் போலும்.

தினம் 10,000 அடி என்று போர்டில் எழுதியதும், "ஏன் சார் பத்தாயிரம்?" என்றது முதல் பெஞ்ச். டோக்கியோ ஒலிம்பிக் நடந்த மறுவருஷம், 1965-இல், ஜப்பானில் மான்போ-கெய் என்று ஒரு கருவி விற்பனைக்கு வந்தது. பத்தாயிரம் அதன் பெயரிலேயே இருந்தது என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். 2019-இல் ஹார்வர்டின் ஐ-மின் லீ குழு வயதான பெண்களை ஆராய்ந்து, சுமார் 7,500 அடிக்கு மேல் பெரிதாகக் கூடுதல் பலன் தெரியவில்லை என்று கண்டதையும் சொன்னேன். அவ்வளவுதான், மொத்த வகுப்பும் ஒரே நொடியில் பாட்டிகள் கட்சிக்குத் தாவிவிட்டது.

சரி, முதல் வாரம் இலக்கே வேண்டாம், வழக்கம்போல நடந்து குறித்து வாருங்கள். அவரவர் கணக்கோடு 1,000 கூட்டி அடுத்த வாரம் பார்க்கலாம் என்று முடிவானது.

ஸ்டெப் கவுண்டருக்குக் கால் எது, கை எது என்று தெரியாது. குலுங்கினால் எண்ணும். இதை நான் பாடமாக நடத்துவதற்குள் பிள்ளைகள் ஆராய்ச்சியையே முடித்துவிட்டார்கள். ஒருவன் தம்பிப் பாப்பாவின் தூளியில் கட்டிவிட்டான். தவழக்கூடத் தெரியாத குழந்தை அன்று 9,000 அடி நடந்திருந்தது. இன்னொருவன் அப்பா பரோட்டா மாஸ்டர். அவர் மணிக்கட்டில் மாட்டிய கருவி, கல்லை விட்டு நகராமலே பக்கத்து ஊருக்குப் போய்த் திரும்பியது.

கடைசி பெஞ்சின் நோட்டுதான் உச்சம்: 6,000, 6,500, 7,000, 8,000, அப்புறம் 32,500.

"யார்றா இது?"

"நான்தான் சார். ஆடு மேய்க்கப் போனேன்."

"கவுண்டர் எங்கே இருந்தது?"

"ஆட்டு மேல சார். நானும் கூடத்தான் போனேன்."

கோபப்படத்தான் நினைத்தேன். ஆனால் புள்ளியியல் பாடத்துக்கு இதைவிட நல்ல கணக்கை எந்தக் கைடும் போட்டதில்லை. ஐந்தையும் கூட்டினால் 60,000. கூட்டுச் சராசரி 12,000. பெஞ்சில் நாலு பேர் சராசரிக்குக் கீழே, ஆடு மட்டும் மேலே. இடைநிலை அளவோ 7,000-த்தை விட்டு அசையவில்லை. ஆடு இன்னும் நாலு மலை ஏறியிருந்தாலும் அசைந்திருக்காது. வருஷா வருஷம் தொண்டை கிழியக் கத்தியும் ஏறாத பாடம், அன்று ஒரே பீரியடில் ஏறியது.

இலக்கு வைக்கும் நாளில் ஒரு மாணவி தயங்கித் தயங்கி நோட்டை நீட்டினாள். ஒவ்வொரு நாளும் 15,000, 16,000. விசாரித்ததில் ஆடு இல்லை, தூளி இல்லை. விடிந்ததும் தண்ணீர்க் குடம், பால் சொசைட்டி, அப்புறம் பள்ளிக்கூடம். சாயங்காலம் மறுபடி குடம்.

"உனக்கு என்னம்மா இலக்கு வைக்கலாம்?"

"கொறைக்கலாமா சார்?"

அமெரிக்காவிலிருந்து வந்த படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. ஓரத்தில் பென்சிலால் 10,000 என்று குறித்துக் கொடுத்தேன்.

ஆசிரியர்களுக்கும் ஆளுக்கொன்று மாட்டியிருந்தார்கள். தலைமையாசிரியர்தான் முதலிடம். நாற்காலியை விட்டு எழாத மனிதர் எப்படி என்று ஸ்டாஃப் ரூமே குழம்பியது. சுற்றறிக்கையோடு மாடிக்கும் கீழுக்குமாக ஏறி இறங்கும் அலுவலக உதவியாளரின் பெல்ட்டில் அது பத்திரமாக இருந்தது. தலைமையாசிரியருக்குப் பரிசு எவர்சில்வர் தண்ணீர் பாட்டில். அதை வாங்கிவரக் கடைத்தெருவுக்கு நடந்ததும் அந்த உதவியாளர்தான்.