சுவர்க் கணப்புக்கு ஐந்து நட்சத்திரம் கோரும் விண்ணப்பம்

புதுதில்லி எரிசக்தித் திறன் பணியகத்தார் சமூகத்திற்கு, ஆறுமுகநேரிவாசி ஒருவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது:

2001-ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தினால் ஜனித்து, 2002 மார்ச் முதல் தேதி தொட்டு தேசத்தின் மின்சாரச் செலவைக் கண்காணித்துவரும் தாங்கள், குளிர்சாதனப் பெட்டிக்கும் மின்விசிறிக்கும் நட்சத்திரம் வழங்கி, எதை வாங்கலாம், எதை வாங்கலாகாது என்பதைப் பாமர ஜனங்களும் அறியச் செய்திருக்கிறீர்கள். அந்தக் கடாட்சம், எங்கள் தெருவில் புதிதாக எழும்பியுள்ள மாளிகையின் கூடத்துச் சுவரில் குடியேறியிருக்கும் மின்சாரக் கணப்புக்கும் கிட்ட வேண்டும் என்பதே என் பிரார்த்தனை.

சீமையில் நெடுங்காலம் உத்தியோகம் பார்த்துத் திரும்பிய மாளிகைக்காரர், ஒன்பது அங்குலச் செங்கல் சுவரில் பெட்டியின் அளவுக்குத் திறப்பு விடச் சொல்லி, மேலே லிண்டல் போட்டு, உட்புறம் பூசி, பக்கவாட்டில் பதினைந்து ஆம்பியர் பிளக்கும் வைத்து, கண்ணாடி முகப்பு பூச்சோடு பூச்சாக, விரல்நகம் நுழையாதபடி பொருந்தும்வரை கொத்தனாரை விடவில்லை. எல்லாம் முடிந்த பிற்பாடு கொத்தனார் தயங்கித் தயங்கி, “அண்ணாச்சி, புகை போறதுக்கு வழி வைக்கலியே?” என்று கேட்டார். உள்ளே இருப்பது பிளாஸ்டிக் நிலக்கரி என்றும், அதன்மேல் ஆடுவது எல்.இ.டி. விளக்கின் வெளிச்சம் என்றும் அறிந்ததும், கரண்டியைக் கழுவிக்கொண்டு பேசாமல் போய்விட்டார்.

வெளிச்சத்தை மட்டும் ஆடவிட்டு அனலை நிறுத்திவைக்கவும் அதில் வசதியுண்டு. ஆனால் விருந்தினர் வந்தால் அனலையும் சேர்த்துப் போடுவதுதான் மரியாதை என்று மாளிகைக்காரர் கருதுகிறார். இரண்டாயிரம் வாட் கம்பிச்சுருள் மணிக்கு இரண்டு யூனிட்டை உட்கொள்கிறது. ஏனைய யந்திரங்களில் விரயமாகும் மின்சாரம் வெப்பமாகவே போகிறது என்பது தாங்கள் அறியாததன்று. வெப்பமே பயன் என்று சாதிக்கிற யந்திரத்தில் விரயம் ஏது? உள்ளிருக்கும் விசிறியின் சுழற்சியும் விளக்கின் ஒளியும்கூட அறைக்குள்ளேயே வெப்பமாய் முடிவதால், நூற்றுக்கு நூறு திறன் வாய்ந்த சாதனம் ஒன்று ஆறுமுகநேரியிலே, அதுவும் சித்திரை மாதத்திலே, இயங்கிவருகிறது என்பதைச் சமூகம் கவனிக்க வேண்டும்.

இதற்கு ஆட்சேபம் சொல்வோர் தூத்துக்குடியைச் சுட்டிக்காட்டுவர். 210 மெகாவாட் யந்திரங்கள் ஐந்து நிறுவப்பட்ட அங்குள்ள அனல்மின் நிலையத்திற்குக் கப்பலிலே நிலக்கரி வருகிறது. எரிகிற கரியின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு புகைபோக்கி வழியாகவும், குளிர்விக்கும் கடல்நீர் வழியாகவும் போய்விட, எஞ்சிய பங்கே மின்சாரமாகிக் கம்பி ஏறுகிறது. ஆகவே மெய்யான கரியை அங்கே எரித்து, பொய்யான கரி எரிவதாக இங்கே காட்டுகிறோம் என்பார்கள். கொத்தனார் விசாரித்த புகைவழி அங்கேதான் இருக்கிறது என்பதும் உண்மையே. ஆனால் தங்கள் நட்சத்திரம் வீட்டுச் சுவரோடு நின்றுவிடுவது. துறைமுகம்வரை அது போக வேண்டிய அவசியமில்லை.

போட்டிக்கு இன்னொருவரும் இருக்கிறார். ஊரைச் சுற்றியுள்ள உப்பளங்களில், பாத்தியில் தேக்கிய நீர் இருபத்தைந்து பாகை அடர்த்தி ஏறி உப்பாகப் படியுமளவும், ஆட்கள் கண்கூச நின்று வாரும்போதும், மேலிருந்து காய்கிறவர் இன்றுவரை எந்த அலுவலகத்திலும் விண்ணப்பம் கொடுத்தவரல்லர். கட்டணம் வசூலிக்கவும் தெரியாதவர். இத்தகைய அநாகரிகருக்கு நட்சத்திரம் தரலாகாது.

ஒரே ஒரு சிக்கல். கணப்புக்கு எதிர்ச்சுவரில், தங்கள் ஐந்து நட்சத்திரம் பெற்ற குளிர்சாதனம் ஒன்று, 2020 ஜனவரி முதல் தொடக்க அளவாக விதிக்கப்பட்ட இருபத்துநான்கு டிகிரியிலே நின்று, கணப்பு கக்கும் அனலையெல்லாம் வாரித் தெருவில் கொட்டிக்கொண்டிருக்கிறது. அத்தெருவில்தான் என் வீடும் இருக்கிறது. இரண்டுக்கும் ஐந்து நட்சத்திரமானால் இந்த யுத்தம் ஓயாது என்பதால், பரிசோதகர் ஒருவரை நேரில் அனுப்பி வழக்கைத் தீர்க்கக் கோருகிறேன். நண்பகலில் வந்தால் நல்லது. உடன்குடிப் பக்கத்துப் பதநீர் வாங்கி வைக்கிறேன்; திண்ணையில் உட்கார்ந்து குடிக்கலாம், உள்ளே கணப்பு எரிகிறது.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்த,
எதிர்வீட்டுக்காரன்.